சத்தம் போன விசைப்பலகையும் ஓர் அடிமட்டமும்

போன கிழமை சிட்னியிலிருந்து வித்யா தொலைபேசியில் அழைத்தாள். வெஸ்ட்மீட்டில் இருக்கிறாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் எங்கள் தொழிலுக்கு வந்தவள். காது கேளாத மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் பேசுவதைப் பேசப் பேசவே தட்டெழுதி, அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் வரச் செய்வதுதான் எங்கள் வேலை.

"மேம், புது கீபோர்ட் ஒண்ணு வாங்கினேன். கைவலி சுத்தமா போயிடுச்சு. ஆனா கிளாஸ்ல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க. சத்தத்தைக் குறைக்க ஏதாவது வழி இருக்கா?"

"என்ன கீபோர்ட்?"

"மெக்கானிக்கல்."

அதற்குமேல் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. தொலைபேசியோடு எழுந்து முன்னறைக்கும் குசினிக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். "வித்யா, உமக்கு இப்ப நேரம் இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டாள். நான் பேசி முடித்தபோது அடுப்பில் வைத்த தேத்தண்ணி வற்றிப் போயிருந்தது. "இதையெல்லாம் எழுதிப் போடுங்க மேம். எங்க எல்லாருக்கும் உதவும்" என்றாள்.

இப்போது பெரிய மண்டபத்து விரிவுரைகளுக்கு மென்பொருளே எழுத்துரை போட்டுவிடுகிறது. நன்றாகத்தான் போடுகிறது. எங்களை அழைப்பது அது தடுமாறும் இடங்களுக்கு: சின்ன அறை, தாழ்ந்த குரல், அழுகை, தயக்கம். அப்படிப்பட்ட அறையில் விசைப்பலகையின் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் தட்டச்சுப் பழகியது யாழ்ப்பாணத்தில், இரும்பு மெஷினில். ஓங்கிக் குத்தாவிட்டால் எழுத்து விழாது. அந்தக் குத்தோடுதான் மெல்பேர்னுக்கு வந்தேன். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் சில வருடங்கள் கடிதம் தட்டினேன். பிறகு பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அங்கே எங்கள் பிரிவின் பொறுப்பாளர் ஹெலன். நீதிமன்றத்தில் நெடுங்காலம் சுருக்கெழுத்தாளராக இருந்த வெள்ளைக்காரப் பெண். நல்ல உயரம். எப்போதும் ரப்பர் அடிச் சப்பாத்து. பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நேர்முகத் தேர்வில் என் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. வானொலியைப் போட்டார். "காட்டு" என்றார். யாரோ ஒருவர் ஆட்டு ரோமத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தட்டினேன். ஹெலன் அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "அவர் இடையில் இருமினார். நீ எழுதவில்லை."

"இருமலையும் எழுத வேண்டுமா?"

"கேட்கிறவர்களுக்கு அது கேட்டது. கேட்காதவருக்கு மட்டும் ஏன் மறைக்கிறாய்?"

என் பயிற்சி முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். மிச்சம் பழக்கம். நீளமான சொற்களுக்கு இரண்டு மூன்று எழுத்தில் குறுக்கம் வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதை முழுச் சொல்லாக விரித்துவிடும். மாணவர் படிக்கும் பாடத்துக்கு ஏற்றபடி அந்தக் குறுக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நான் சட்டம் தட்டியிருக்கிறேன், தாதியியல் தட்டியிருக்கிறேன், பாலம் கட்டுவது எப்படி என்பதையும் தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு படிப்பு, அதுவும் இலவசமாக. என்னைப் போலப் புளுகமும் சந்தோஷமுமாக வேலைக்குப் போனவர்கள் குறைவு.

பிறகு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. கிளென் வேவர்லியில் எங்கள் டொக்டர், "ஒண்டு வேலையை விடுங்கோ, இல்லாட்டி தட்டுற விதத்தை மாத்துங்கோ" என்றார். விடுவதா? கைகளுக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் மெக்கானிக்கல் விசைப்பலகையைப் பற்றிச் சொன்னாள். தட்டையான விசைப்பலகையில் விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து வரும். இதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு சுருள்வில். பாதித் தூரம் போனதுமே எழுத்து விழுந்துவிடும். விரல் போய் மோத வேண்டியதில்லை. நகரத்துக் கடையில் அப்படி ஒன்றின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் "டிக்" என்று ஒரு பதில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றே வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

வீட்டில் தட்டிக் காட்டியபோது என் கணவர் சிவம் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். அவர் ட்ராம் திருத்தும் பட்டறையில் வேலை செய்தவர். சத்தத்துக்குப் பயந்தவர் அல்ல.

"இஞ்சேரும், உதென்ன தகரத்தில மழை பெய்யிற மாதிரி?"

"உங்களுக்கு மழை. எனக்குக் கை நோகேல்ல."

பெரிய விரிவுரை மண்டபங்களில் அந்த மழையை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ரிஸ்னா வந்தாள்.

ரிஸ்னாவின் குடும்பம் இலங்கையின் கிழக்கிலிருந்து வந்தது. வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். பத்து வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அவளுக்குக் காது முழுவதும் போய்விட்டது. கருவி வைத்தும் பலன் இல்லை. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுவாள். இடைவேளையில் அவள் வாயால் கேட்பாள், நான் திரையில் பதில் தட்டுவேன். படித்தது உளவள ஆலோசனை. மனம் நொந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கும் தொழில். காது கேளாதவள் ஏன் அதற்குப் போனாள் என்று அவளிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். "காது கேக்கிற ஆக்கள் எல்லாரும் மத்தவங்க சொல்றத கேக்கிறாங்களா அன்ரி?" என்பாள்.

முதல் வருடம் முழுக்க விரிவுரைதான். இரண்டாம் வருடத்தில் செய்முறை தொடங்கியது. நிலக்கீழ்த் தளத்தில் சின்ன அறை. தரைவிரிப்பு, இரண்டு சோபா, ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் வெண்பலகை, ஒரு டிஷூப் பெட்டி. அவ்வளவுதான். வகுப்புத் தோழி ஒருத்தி ஆலோசனை தேடி வந்தவளாக உட்கார வேண்டும். ஆனால் சொல்வது தன் சொந்த விஷயமாக இருக்கலாம். முதல் பயிற்சியில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி, "அப்பாவோடு பேசி இரண்டு வருடமாகிறது" என்று ஆரம்பித்தாள்.

டக்கடக்கடக்கடக்.

அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு அவள் மறுபடி தொடங்கினாள். நானும் தொடங்கினேன். மறுபடி நிறுத்தினாள். அவள் வாயைத் திறந்தால் நான் தட்டுகிறேன். நான் தட்டினால் அவள் வாயை மூடுகிறாள். ரிஸ்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்றே அவளுக்கு விளங்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் மதிப்பீட்டாளர் கோலின் எங்களோடு பேசினார். நல்ல மனிதர்; இதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. "ஒருவர் தன் வாழ்க்கையைத் திறந்து சொல்லும்போது, பக்கத்தில் பொலிஸ் வாக்குமூலம் எடுப்பதுபோலச் சத்தம் கேட்டால் அவரால் எப்படிப் பேச முடியும்? இதைத் தீர்க்காவிட்டால் ரிஸ்னாவைச் செய்முறைத் தேர்வில் உட்கார வைக்க என்னால் முடியாது."

அவர் சொன்னதை ரிஸ்னாவுக்குத் தெரியப்படுத்த வேண்டியது யார்? நான்தான். என் சத்தத்தைப் பற்றிய முறைப்பாட்டை அதே சத்தத்தோடு நானே தட்டினேன். கடைசி வரியை வாசித்தபோது அவள் முகம் சிவந்தது. அந்தத் தேர்வு இல்லாமல் அவளால் தொழிலுக்குப் போக முடியாது.

மாற்று வழிகளைப் பார்க்காமல் இல்லை. நான் வேறு அறையிலிருந்து இணையம் வழியாகத் தட்டிப் பார்த்தோம். நிலக்கீழ்த் தளத்தில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. எதிரில் இருப்பவள் அழத் தொடங்கியபோது திரையில் "சிரிக்கிறார்" என்று நின்றது. மடிக்கணினியின் தட்டை விசைகளில் தட்டிப் பார்த்தேன். அன்று மாலை என்னால் போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. வேறு ஆளைப் போடலாம் என்று ஹெலன் சொன்னார். ரிஸ்னா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"அன்ரி தட்டினா ஆள் பேசுற மாதிரி விளங்குது. மத்தவங்க தட்டினா பேப்பர் வாசிக்கிற மாதிரி ஈக்கு."

புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் ஹெலன் என்னை அந்த அறைக்கு அழைத்துப் போனார். அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான்: அறையில் உள்ள ஒவ்வொரு இருக்கையிலும் தானே போய் உட்கார்ந்து பார்ப்பார். முதலில் ஆலோசனை தேடி வருகிறவரின் சோபாவில் உட்கார்ந்து கண்களை மூடினார்.

"ஒரு விசையை மட்டும் அழுத்து. மெதுவாக. அப்படியே பிடித்துக்கொள். இப்போது விடு."

செய்தேன்.

"இன்னொரு தடவை. இப்போது இடைவெளி விசை. இப்போது வேகமாக ஒரு வசனம்."

பிறகு ரிஸ்னாவின் இடத்தில் உட்கார்ந்தார், மூலையில் கோலினின் கதிரையில் உட்கார்ந்தார். கடைசியில் வந்து, நரைத்த தலையைச் சாய்த்து மேசையில் காதை வைத்தார். "தட்டு" என்றார். தட்டினேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இதை ஒரு சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பல சத்தங்கள் இருக்கின்றன. விசை இறங்கும்போது டிக். அடியில் போய் மோதும்போது டொக். மேலே திரும்பி வரும்போது இன்னொன்று. இடைவெளி விசை தனியாக ஆடுகிறது, அதற்குள் ஏதோ கம்பி. பெட்டிக்குள் வெற்றிடம், அதனால் எதிரொலி. எல்லாவற்றையும்விட இந்த மேசை. இது மேசையல்ல, மேளம். நீ அதன்மேல் அடித்துக்கொண்டிருக்கிறாய்."

"என்ன செய்வது?"

"ஒவ்வொன்றாகக் கொல். ஒன்றைக் கொன்றதும் மிச்சம் என்ன கேட்கிறது என்று பார். பிறகு எனக்குக் காட்டு."

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் குசினி மேசை பட்டறையாகிவிட்டது. சிவம் என்னைவிட மோசம். வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மேசைக்கு வந்துவிடுவார்.

முதலில் மேளத்தை அடக்கினோம். என்னுடைய யோகாப் பாயில் ஒரு துண்டை வெட்டி விசைப்பலகைக்குக் கீழே வைத்தேன். பாதிச் சத்தம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வித்யா, இதை முதலில் செய்யும். வேறு எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யும்.

அடுத்தது டிக். சுவிட்சுக்குள் சத்தம் போடுவதற்கென்றே ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதை ஒன்றும் செய்ய முடியாது; சுவிட்சையே மாற்ற வேண்டும். நல்ல காலம், என்னுடையதில் சுவிட்சுகளைச் சின்ன இடுக்கியால் பிடுங்கி வேறு செருகலாம். சில பலகைகளில் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். தண்டின் மேலும் கீழும் ரப்பர் மெத்தை வைத்த அமைதிச் சுவிட்சுகளை வரவழைத்து ஒவ்வொன்றாகச் செருகினோம். டிக் போனது. இறங்கும் டொக்கும் ஏறும் டக்கும் பஞ்சில் விழுந்ததுபோல ஆகின.

பிறகு இடைவெளி விசை. நீளமான விசைகள் சாயாமல் இருக்கக் கீழே ஒரு கம்பி பிடித்திருக்கும். அது ஆடி ஆடிக் கிலுகிலுக்கும். சிவம் நெஞ்சை நிமிர்த்தினார். "உதை என்னட்டை விடும். கிறீஸ் என்டா எனக்குத் தெரியாதே?" பட்டறையிலிருந்து கொண்டு வந்த கிறீஸைத் தாராளமாக அப்பினார். நான் இடைவெளி விசையை அழுத்தினேன். போனது. திரும்பி வரவில்லை. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பெருமூச்சு விடுவதுபோல மெல்ல மெல்ல மேலே வந்தது.

"இது ட்ராம் இல்லையப்பா" என்றேன்.

எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, இதற்கென்றே உள்ள மெல்லிய கிறீஸை வாங்கி, படம் கீறும் மெல்லிய தூரிகையால் கம்பியின் முனைகளில் மட்டும் தொட்டு வைத்தோம். கிலுகிலுப்பு நின்றது. பெட்டிக்குள் வெற்றிடத்தில் மெல்லிய பஞ்சு வைத்தோம். உள்ளே இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையின் பின்பக்கத்தில் வண்ணப்பூச்சுக்காரர்கள் பாவிக்கும் காகித டேப்பை அடுக்காக ஒட்டினால் எதிரொலி குறையும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். "உது விசர்க்கதை" என்றார் சிவம். ஒட்டி மூடித் தட்டினேன். அவர் காதைச் சொறிந்தார். தகரமாக இருந்த ஒலி மரமாகியிருந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சத்தம். என் விரல்கள். பாதித் தூரத்தில் எழுத்து விழுந்துவிடும் என்று தெரிந்தும், இரும்பு மெஷினில் பழகிய கை அடிவரை போய்க் குத்தியது. இதற்குக் கடையில் மருந்து இல்லை. விசை தரையைத் தொடாமல் திரும்புவதற்குப் பழகினேன், சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டுவிட்டுக் கையை எடுப்பதுபோல. சிவம் முன்னறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் கை இறங்கவே இல்லை. பிறகு எப்போதாவது உயர்ந்தது. ஒரு நாள் உயரவே இல்லை. துள்ளிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆள் நித்திரை.

ஆனால் ஹெலன் நித்திரை கொள்ளவில்லை. மறுபடி அந்தச் சோபாவில் உட்கார்ந்து கண்களை மூடினார்.

"ம், தொடங்கு."

நான் பதில் சொல்லவில்லை.

"தொடங்கலாம்" என்றார் மறுபடி.

"தொடங்கிவிட்டேன். இரண்டாவது பந்தி தட்டிக்கொண்டிருக்கிறேன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்து என் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் காற்றில் மிதந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த பயிற்சியில் அதே தோழி வந்து உட்கார்ந்தாள். பேசினாள், பேசிக்கொண்டே போனாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ரிஸ்னா தடுமாறினாள். தோழியின் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்த நேரத்தில் புது வசனம் தொடங்கியது தெரியாமல் குறுக்கே பேசிவிட்டாள். கடைசியில் அந்தத் தோழி, "இன்றைக்கு ரிஸ்னா என்னோடு இல்லாததுபோல இருந்தது" என்றாள்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் ஆனதும் ரிஸ்னா என்னிடம் கோபமாகவே கேட்டாள்.

"என்ன செஞ்சீங்க அன்ரி? நீங்க தட்டுறது எனக்குத் தெரியல்ல."

"உனக்கு முந்தியும் கேட்கிறதில்லையே?" என்று திரையில் தட்டினேன்.

"கேக்கிறல்ல. கையில தெரியும்." இடக்கையை விரித்து மேசையில் வைத்துக் காட்டினாள். "இப்படி வச்சிட்டு இருப்பேன். நீங்க தட்டத் தொடங்கினா ஆள் பேசத் தொடங்கிட்டாங்க எண்டு தெரியும். நிப்பாட்டினா நிப்பாட்டிட்டாங்க. அவசரமா பேசுறாங்களா, யோசிச்சு யோசிச்சுப் பேசுறாங்களா எண்டும் தெரியும். அதால நான் அவங்க முகத்தைப் பாத்துட்டே இருப்பேன், தேவைப்பட்டா மட்டும் ஸ்க்ரீனைப் பாப்பேன். இப்ப மேசை செத்துப் போச்சு."

மற்றவர்கள் தட்டினால் பேப்பர் வாசிப்பதுபோல இருக்கிறது என்று அவள் சொன்னது இதைத்தான். அவர்கள் மெல்லத் தட்டுகிறவர்கள். அறையில் எல்லோருக்கும் தொல்லையாக இருந்த என் இரும்பு மெஷின் குத்து, அவளுக்குப் பேசுகிறவரின் மூச்சாக இருந்திருக்கிறது. யோகாப் பாயும் பஞ்சும் வைத்து நாங்கள் அதை அடைத்துவிட்டோம்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாயை எடுத்தால் மேசை முழங்கும், எடுக்காவிட்டால் ரிஸ்னா தனித்துவிடுவாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவளோ விசைப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெட்டியின் ஓரத்தைத் தொட்டாள். "தட்டுங்க." தட்டினேன். "இங்க ஈக்கு. கொஞ்சமா ஈக்கு." ஆனால் அவளுடைய சோபாவிலிருந்து கையை அவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் உட்கார முடியாது. பேனையை வைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. வெண்பலகையின் தட்டில் கோடு போடும் நீள மர அடிமட்டம் ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஒரு முனையைப் பெட்டிக்குக் கீழே செருகினாள். மறுமுனை மேசையைத் தொடாமல் அவள் சோபாவின் கைப்பிடிவரை நீண்டு அந்தரத்தில் நின்றது. அதில் சுட்டுவிரலை வைத்தாள்.

"ம்."

அவள் பெயரைத் தட்டினேன்.

அவள் கண்கள் பெரிதாகின. "இன்னொருக்கா."

மெதுவாகத் தட்டினேன். வேகமாகத் தட்டினேன். பாதியில் நிறுத்தினேன். எதைச் செய்தாலும் கண்களை மூடியபடி, "ஸ்லோ... ஃபாஸ்ட்... நிப்பாட்டிட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மேசை பெரிய மேளத் தோல். அதிர்ந்தால் அறை முழுக்கக் கேட்கும். ஒடுங்கிய அடிமட்டம் அதிர்ந்தால் காற்று அசைவதில்லை, விரல் மட்டும் அறிகிறது. அன்று மாலை சிவம் அதன் முனையைப் பெட்டியோடு டேப்பால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஹெலன் வந்து எல்லா இருக்கைகளிலும் மறுபடி உட்கார்ந்தார். ரிஸ்னாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தேர்வுக்கு, எங்களில் யாருக்கும் தெரியாத ஒரு நடிகையை அழைத்திருந்தார்கள். நடுத்தர வயது. தாயை முதியோர் இல்லத்தில் விட்ட மகளாக அவர் நடிக்க வேண்டும். கோலின் மூலையில் உட்கார்ந்தார். ரிஸ்னா என்னைக் காட்டி, "எனக்குக் காது கேட்காது. நீங்கள் சொல்வதை இவர் எனக்கு எழுத்தில் தருவார். இங்கே பேசுவது இந்த அறையைவிட்டு வெளியே போகாது" என்று தொடங்கினாள். நான் முதல் வசனத்தைத் தட்டினேன். அவள் விரல் அடிமட்டத்தில் இருந்தது. பார்வை நடிகையின் முகத்தில்.

நன்றாகப் போனது. பிறகு நடிகை, "எல்லோரும் நல்ல இல்லம் என்றுதான் சொல்கிறார்கள்" என்றுவிட்டுக் குனிந்தார். மடியில் இருந்த கைப்பையைத் திறந்து ஏதோ தேடினார். தலைமயிர் முகத்தை மறைத்தது. ரிஸ்னா இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவர் வெறுமனே பையைத் துழாவுவதுபோலத்தான் தெரியும். அடுத்த கேள்விக்கு ரிஸ்னா வாயெடுத்தாள். ஆனால் எனக்குக் கேட்டது. மூச்சு சற்றே இடறியது. மூக்கை உறிஞ்சும் மிகச் சிறிய சத்தம்.

தட்டினேன்: சத்தமில்லாமல் அழுகிறார்.

விரல் அறிந்தது. அவள் கண் திரைக்குப் போய் உடனே திரும்பியது. எடுத்த வாயை மூடிக்கொண்டாள். டிஷூப் பெட்டியை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நான் கைகளை விசைகளின்மேல் அசையாமல் வைத்திருந்தேன். அடிமட்டம் அசையவில்லை, ஆகவே அவர் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று ரிஸ்னாவுக்குத் தெரியும். திரையைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீண்ட மௌனத்தை அந்த அறையில் வேறு எந்த மாணவரும் விட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் நடிகை தலையை நிமிர்த்தினார். "நான் அவரைப் பார்க்கப் போவதே இல்லை" என்றார்.

ரிஸ்னா தலையசைத்தாள். "போக நினைக்கும் நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள்.

முடிந்ததும் நடிகை எழுந்து திரும்பியபோதுதான் என்னைக் கண்டார். "கடவுளே, நீங்கள் இருந்ததையே மறந்துவிட்டேன்" என்றார். எனக்கு யாராவது பதக்கம் குத்தியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

கோலின் வந்து அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். விரலை வைத்தார். நான் அவர் பெயரைத் தட்டினேன். புருவம் உயர்ந்தது. குனிந்து விசைப்பலகையின் அருகே காதைக் கொண்டு வந்தார். "உண்மையிலேயே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

நான் அதை ரிஸ்னாவுக்குத் தட்டினேன். அவள் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அப்படியானால் நாம் இருவரும் இப்போது சமம்."

கோலின் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரிஸ்னா தேறினாள். படிப்பு முடிந்து, கிழக்குப் புறநகர் ஒன்றில் ஆலோசனை நிலையத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். முதல் நாள் என்னைத்தான் அழைத்தாள். அந்தக் கிழமையோடு நான் ஓய்வு பெறுவதாக இருந்தது. கடைசி வேலை இதுவாக அமைந்தது என்று மகிழ்ச்சியோடு போனேன்.

அவளுடைய முதல் ஆள் ஒரு வெள்ளைக்கார முதியவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். அவர் எதற்காக வந்தார் என்பதை நான் எழுத மாட்டேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லலாம் என்று பிறகு அவரே அனுமதி தந்தார்.

ரிஸ்னா தன்னை அறிமுகப்படுத்தி, திரையைக் காட்டி என் வேலையையும் விளக்கினாள். அவர் தலையாட்டினார். முதல் கேள்வியைக் கேட்டாள். அதற்கும் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கும் அதே தலையாட்டல், அதே புன்னகை. ரிஸ்னா பேசுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பார்வை என் பக்கம் போயிருந்தது; மேசையில் நான் தட்டுவது வரும் திரையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓர் உதவி செய்ய முடியுமா?" என்றார். "அதை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புவீர்களா? நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. யார் சொல்வதும் கேட்பதில்லை. தலையாட்டிப் பழகிவிட்டேன்."

நான் அதைத் தட்டினேன். ரிஸ்னா வாசித்தாள். எழுந்து தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் போட்டாள். திரையை இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தாள். அதுவரை நான் அவளுக்காக மற்றவர்களின் பேச்சை மட்டுமே தட்டியிருக்கிறேன். அன்று முதல் தடவையாக இருவர் பேச்சையும் தட்டினேன். அவள் கேட்டது எழுத்தாக வந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, உதடு அசைய வாசித்து, முழுப் பதிலும் சொன்னார். அதுவும் எழுத்தாக வந்தது. தன் வார்த்தைகளைத் தானே வாசித்துவிட்டு, "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்றார். அந்த அறையில் காதால் கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். என் விரல்கள் பறந்தன.

நேரம் முடிந்ததும் அவர் எழுந்து பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ரிஸ்னாவிடம் என்னைக் காட்டிக் கேட்டார்: "அடுத்த கிழமையும் இவர் வருவாரா?"

கேள்வியைத் தட்டினேன். ரிஸ்னா வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் தொழிலில், வேலை நடக்கும்போது நம் சொந்தச் சொல் ஒன்றுகூடத் திரையில் வரக் கூடாது. அத்தனை வருடங்களில் வந்ததும் இல்லை.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டினேன்:

வருவேன்.